சந்தேகம் யாரிடம் போய்ச் சேர வேண்டும்? கிளினிக்கில் குழந்தைகளையும் சார்ந்து வாழும் பெரியவர்களையும் காக்கும் ஏற்பாடுகள்: ஓர் ஒப்பீடு

நான்கு மாதக் கைக்குழந்தை. காய்ச்சலுக்குக் காட்ட வந்திருக்கிறார்கள். எடை பார்க்கச் சட்டையைக் கழற்றும் செவிலியர், காதுமடலின் பின்புறம் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு ரத்தக்கட்டைப் பார்க்கிறார். ‘தொட்டிலில் இடித்துக்கொண்டது’ என்கிறார்கள். வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு இதே குழந்தை இரண்டு தடுப்பூசித் தேதிகளைத் தவறவிட்டது தெரியும். போன மாதம் வந்தபோது வாயில் ரத்தம் கசிந்ததாகவும் பால் பாட்டில் குத்திவிட்டதாகவும் மருத்துவர் எழுதிய ஒரு வரி கோப்பில் கிடக்கிறது. ஆளுக்கொரு துண்டு. மூன்றும் ஒரே கையில் சேர்ந்தால் குழந்தை அன்றைக்கே முழுப் பரிசோதனைக்குப் பெரிய மருத்துவமனைக்குப் போகும். சேராவிட்டால் காய்ச்சல் மருந்தோடு வீட்டுக்குப் போகும்.

‘சின்னக் காயம்தானே’ என்று ஒதுக்குவதற்கு எதிரான சான்று வலுவானது. வன்கொடுமைக்கு உள்ளானது உறுதியான 200 கைக்குழந்தைகளைப் பற்றிய அமெரிக்க ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. அவர்களில் 27.5 சதவீதத்தினருக்குப் பெரிய காயத்துக்கு முன்பே இப்படியொரு சிறு காயம் இருந்திருக்கிறது. பெரும்பாலும் ரத்தக்கட்டு, அடுத்தபடியாக வாய்க்குள் காயம். வன்கொடுமை இல்லை என்று தெளிவான குழந்தைகளிடம் அத்தகைய முன்காயம் ஒன்றுகூட இல்லை. முன்காயங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் யாரோ ஒரு மருத்துவப் பணியாளருக்குத் தெரிந்தே இருந்தன. தெரிந்தவர் அதை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே பாதுகாப்பு ஏற்பாடுகளை ஒப்பிடும்போது கொள்கைக் கோப்பு எத்தனை பக்கம், சுவரில் எத்தனை சுவரொட்டி என்று பார்த்துப் பயனில்லை. ஒரு பணியாளர் மனத்தில் தோன்றிய நெருடல் மற்றவர்களுடைய நெருடல்களோடு எந்த இடத்தில், எத்தனை மணி நேரத்தில் ஒன்றுசேர்கிறது என்பதே அளவுகோல். ஐந்து முதல் இருபது பேர் வேலை செய்யும் கிளினிக்குகளில் வழக்கத்தில் உள்ள ஏற்பாடுகள் மூன்று. அவற்றை முதலில் பார்த்துவிட்டு, எந்த ஏற்பாட்டுக்கும் தேவைப்படும் கிளை முடிவுகளுக்கு வருவோம்.

ஏற்பாடு ஒன்று: பார்த்தவரே நேராகப் புகார் செய்வது

இதில் இடைத்தட்டு கிடையாது. சந்தேகம் வந்த பணியாளர் தாமே குழந்தை நலத் துறைக்கோ காவல்துறைக்கோ சொல்லிவிடுவார். வேகம் இதன் பெரிய பலம். முதலாளியோ மூத்த மருத்துவரோ ‘வேண்டாம், நல்ல குடும்பம்’ என்று அமுக்க முடியாது என்பது அடுத்த பலம். பல சட்டங்களும் இதையே எதிர்பார்க்கின்றன. இந்தியாவின் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம், 19ஆம் பிரிவில், குழந்தைமீதான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தவறினால் 21ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு அது இன்னும் கூடுதல். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்ணுக்குப் பிறப்புறுப்புச் சிதைப்பு நடந்ததைக் கண்ட, அல்லது அவள் சொல்லக் கேட்ட மருத்துவரும் செவிலியரும் தாமே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி 2015 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கிறது. அந்தக் கடமையை இன்னொருவர் தலையில் கட்ட முடியாது. ‘பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டேன்’ என்பது இத்தகைய சட்டங்களின் முன் பதிலாகாது. எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் உங்கள் நாட்டுச் சட்டம் தனிநபர்மீது சுமத்தும் கடமை எது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

பலவீனம் எங்கே என்றால், புகார் செய்யும் அளவுக்கு வராத சந்தேகங்களில். காதுக்குப் பின்னால் ஒரு ரத்தக்கட்டை மட்டும் கண்ட செவிலியர் தொலைபேசியை எடுக்கத் தயங்குவார். வந்து பதினைந்து நாளே ஆன உதவியாளர் எடுக்கவே மாட்டார். துண்டுகள் துண்டுகளாகவே நிற்கும். தாமே முடிவெடுக்க வேண்டியிருக்கும்போது மனிதர்கள் ‘உறுதியாகத் தெரியட்டும்’ என்று காத்திருப்பார்கள். உறுதி செய்வது விசாரணை அதிகாரியின் வேலை, கிளினிக்கின் வேலை அல்ல. நியாயமான சந்தேகம் இருந்தால் போதும் என்று நூறு தடவை சொன்னாலும், தனியாக நிற்கும் ஒருவருக்கு அது மனத்தில் இறங்காது.

ஏற்பாடு இரண்டு: ஒரே பாதுகாப்புப் பொறுப்பாளர்

கிளினிக்கில் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிப்பது. எல்லா நெருடல்களும் அவரிடம் வரும். அவர் கோப்பைப் புரட்டுவார், முன்பு யார் என்ன சொன்னார் என்று பார்ப்பார், வெளியே தெரிவிப்பதா என்று முடிவெடுப்பார். துண்டுகள் ஒன்றுசேர்வது இந்த ஏற்பாட்டில்தான். பயிற்சியும் வீணாகாது. எல்லோருக்கும் அடிப்படை தெரிந்தால் போதும், ஒருவர் ஆழமாகப் படித்தால் போதும்.

கெட்டுப்போகும் விதங்களும் நன்றாகவே தெரிந்தவை. பொறுப்பாளர் விடுப்பில் போவார், வெள்ளிக்கிழமை மாலை வந்த சந்தேகம் திங்கட்கிழமை வரை அவர் மேசையில் தூங்கும். பாலியல் வன்கொடுமையில் இந்தத் தாமதம் உடலிலேயே தெரியும். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அவசரக் கருத்தடைக்கு 5 நாள் வரை அவகாசம் உண்டு என்றாலும் ஒவ்வொரு நாளும் பலன் குறையும். இரண்டாவது கோளாறு இன்னும் நுட்பமானது. துண்டுகளைச் சேர்க்க அமர்த்தியவர் நாளடைவில் வடிகட்டியாகிவிடுவார். ‘இதற்கெல்லாமா வருவது’ என்று முகம் சுளித்த ஒரே ஒரு தடவை போதும், அடுத்த ஆறு மாதத்துக்கு அவரிடம் யாரும் எதையும் கொண்டுவர மாட்டார்கள். மூன்றாவது, சந்தேகம் பொறுப்பாளர்மீதே வந்தால் என்ன செய்வது? கிளினிக் உரிமையாளரையே பொறுப்பாளராக வைக்கும் இடங்களில் இந்தக் கேள்விக்கு விடை இல்லை. உரிமையாளரை அந்த நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. நோயாளி போய்விடுவார், பெயர் கெட்டுவிடும் என்ற கவலை உள்ளவரிடம் இந்த முடிவை விடுவது சரியல்ல. அவர் கெட்டவர் என்பதற்காக இல்லை, இரண்டு கணக்கை ஒரே தலையில் போடக்கூடாது என்பதற்காக.

ஏற்பாடு மூன்று: பல கிளினிக்குகளுக்குப் பொதுவான வெளி வல்லுநர்

குழந்தைநல மருத்துவர், சமூகப் பணியாளர் போன்ற ஒருவரை ஐந்தாறு கிளினிக்குகள் சேர்ந்து ஏற்பாடு செய்துகொள்ளும் முறை இது. அறிவிலும் நடுநிலையிலும் இவரை மிஞ்ச முடியாது. ஒரு சிறு கிளினிக் ஆண்டில் ஓரிரண்டு முறை மட்டுமே காணக்கூடிய நிலைமையை இவர் மாதந்தோறும் கையாள்வார். ஆனால் அவரிடம் கோப்பு இல்லை. தவறிய தடுப்பூசித் தேதிகளை அவராகத் தெரிந்துகொள்ள வழியில்லை. தொலைபேசியில் சொன்னதை வைத்தே கருத்துச் சொல்வார், சொல்லாமல் விட்டது அவர் கணக்கில் வராது. போதாததற்கு, முன்பின் தெரியாத ஒருவரை அழைத்து ‘எனக்கு என்னவோ உறுத்துகிறது’ என்று சொல்ல வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு வாய் வராது.

பலரும் பார்த்தும் ஒருவர் கையிலும் சேராமல் போனதன் விலைக்குப் பிரிட்டனின் விக்டோரியா கிளிம்பியே வழக்கு சாட்சி. எட்டு வயதுச் சிறுமி. 1999 ஜூலையில் இரண்டு மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டாள். முதல் இடத்தில் உடலிலிருந்த காயங்கள் சிரங்கால் வந்தவை என்று முடிவானது. அந்த ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டு காவல்துறை விதித்திருந்த பாதுகாப்பும் விலக்கப்பட்டது, சிறுமி வீட்டுக்கே திரும்பினாள். 2000 பிப்ரவரியில் இறந்தாள். 2003இல் வெளியான லாமிங் விசாரணை அறிக்கை, அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வாய்ப்புகள் குறைந்தது பன்னிரண்டு என்று கணக்கிட்டது. அதில் வல்லுநர் இல்லாத குறை எங்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எதைத் தேர்வது?

இரண்டாவது ஏற்பாட்டை அடித்தளமாக எடுத்துக்கொண்டு, முதலாவதிலிருந்து ஒரு கதவையும் மூன்றாவதிலிருந்து ஒரு தொலைபேசி எண்ணையும் கடன் வாங்குவதே சரி என்பது எங்கள் முடிவு. நடைமுறையில் அது இப்படி இருக்கும்.

பொறுப்பாளர் ஒருவர், துணைப் பொறுப்பாளர் ஒருவர். இருவரும் ஒரே நாளில் விடுப்பு எடுக்கக் கூடாது. முடிந்தால் ஒருவர் செவிலியராகவும் மற்றவர் மருத்துவராகவும் இருக்கட்டும். மருத்துவரிடம் சொல்லத் தயங்குபவர் செவிலியரிடம் சொல்வார். பொறுப்பாளருக்கு வாரத்தில் இரண்டு மணி நேரமாவது நோயாளி பார்க்காத நேரமாக அட்டவணையிலேயே ஒதுக்கப்பட வேண்டும். ‘நேரம் கிடைக்கும்போது’ என்று விட்டால் அந்த நேரம் கிடைக்காது.

உடனடி ஆபத்து என்றால் பொறுப்பாளரையும் தேடக் கூடாது. மூச்சுத் திணறல், சுயநினைவு இழப்பு, ரத்தப்போக்கு, இன்றிரவு வீட்டுக்குப் போனால் அடி விழும் என்று குழந்தை சொல்வது: இவற்றில் எது இருந்தாலும் பார்த்தவர் நேரே அவசர எண்ணை அழைக்கலாம், பிறகு சொன்னால் போதும். மற்றவை அன்றே வாய்மொழியாகப் பொறுப்பாளரிடம் போக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் வர வேண்டும். கிளினிக் மூடும் நேரத்துக்குள் பொறுப்பாளர் முடிவு சொல்லவில்லை என்றாலோ, சொன்ன முடிவு தவறு என்று பட்டாலோ, பணியாளர் யாரையும் கேட்காமல் வெளியே தெரிவிக்கலாம். அதற்காக அவர்மீது நடவடிக்கை வராது என்பதை உரிமையாளர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். முதல் ஏற்பாட்டிலிருந்து கடன் வாங்கிய கதவு இதுதான். இது இல்லாத இரண்டாவது ஏற்பாட்டை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

வெளி வல்லுநர் ஆலோசனைக்கு மட்டும். அவர் ‘பரவாயில்லை’ என்று சொன்னால் அதுவே முடிவாகிவிடாது. அவரிடம் சொன்ன விவரங்கள் எவை, சொல்லாதவை எவை என்றும் பதிய வேண்டும்.

சில காயங்களுக்கு இந்த யோசனை எதுவுமே வேண்டாம், பார்த்ததும் பொறுப்பாளரிடம் போயாக வேண்டும். டென்-4-ஃபேசஸ்-பி (TEN-4-FACESp, காய இடங்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர்) என்ற விதியை மேசைமேல் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மார்பு, வயிறு, முதுகு, பிறப்புறுப்பு, பிட்டம் ஆகிய உடற்பகுதியிலோ காதிலோ கழுத்திலோ ரத்தக்கட்டு. மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் சவ்வு கிழிந்திருத்தல். தாடை முனை, கன்னச் சதை, கண்ணிமை ஆகியவற்றில் ரத்தக்கட்டு, வெள்ளைவிழியில் ரத்தக்கசிவு. வார், விரல், கயிறு என ஏதேனும் ஒரு பொருளின் அச்சாகப் பதிந்த தடம். பிறந்து ஐந்து மாதம் முடியாத குழந்தை என்றால் உடலில் எங்கே ரத்தக்கட்டு இருந்தாலும் சரி. 2021இல் வெளியான சரிபார்ப்பு ஆய்வில் இந்த விதி, வன்கொடுமைக் காயங்களில் 95 சதவீதத்தைச் சுட்டிக்காட்டியது. விபத்துக் காயங்களில் 87 சதவீதத்தைச் சரியாக விலக்கியது. விபத்துக் காயங்களில் மீதி 13 சதவீதத்தையும் அது சுட்டிக்காட்டிவிடும் என்பதால், விதி மணியடித்தது என்பதற்காகப் பெற்றோரைக் குற்றவாளியாகப் பார்த்துப் பேசக் கூடாது. ரத்தம் உறையாமை நோய் உண்டா என்ற பரிசோதனையும் கூடவே போக வேண்டும். இன்னொன்று: ரத்தக்கட்டின் நிறத்தை வைத்து ‘இது மூன்று நாள் பழையது’ என்று எழுதாதீர்கள். மஞ்சள், பச்சை, ஊதா என்று நாள் கணக்குப் போடும் பழைய அட்டவணை நம்பத்தக்கதல்ல என்று நிறுவப்பட்டுவிட்டது. வழக்கில் உங்கள் குறிப்பு முழுவதையும் அந்த ஒரு வரி கவிழ்த்துவிடும்.

எங்கே எழுதி வைப்பது?

இங்கேயும் மூன்று வழிகள். நோயாளியின் வழக்கமான கோப்பிலேயே எழுதினால் அடுத்து பார்ப்பவர் கண்ணில் படும், துண்டுகள் சேரும். ஆனால் இன்று பல கிளினிக்குகளில் கோப்பைக் குடும்பத்தாரே கைபேசிச் செயலியில் திறந்து படிக்கிறார்கள். குழந்தையின் கணக்கு பெற்றோர் கையில், முதியவரின் கணக்கு மகன் கையில். சந்தேகத்துக்கு உள்ளானவரே உங்கள் சந்தேகத்தைப் படித்துவிட்டு, அன்றிரவே அதற்குக் கணக்குத் தீர்க்கக்கூடும். பூட்டிய அலமாரியில் தனி நோட்டு வைத்தால் இந்த ஆபத்து இல்லை. ஆனால் இரவுப் பணி மருத்துவருக்கு நோட்டு இருப்பதே தெரியாது. மூன்றாவது வழி, அதே மின்கோப்பில் குறிப்பிட்ட பணியாளர் மட்டும் திறக்கக்கூடிய அடுக்கு ஒன்று, வெளியே ஒரு சிறு குறி மட்டும். வாங்கும் மென்பொருளில் இது உண்டா என்று விற்பவரிடம் கேட்டு, சொன்னதை நம்பாமல், பரிசோதனைக் கணக்கு ஒன்றில் பெற்றோராக உள்ளே நுழைந்து பாருங்கள். ‘மறைத்தாயிற்று’ என்று சொல்லப்பட்ட குறிப்பு, அப்பாயின்ட்மென்ட் காரணமாகவோ தானாகப் போகும் குறுஞ்செய்தியிலோ தலைகாட்டுவதுண்டு. மின்கோப்பே இல்லாத கிளினிக்குக்குத் தனி நோட்டு போதும். ஆனால் வழக்கமான அட்டையின் மூலையில் ஒரு நிறப்புள்ளி அவசியம்.

எழுதும் விதத்தைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். அடிக்கடி காணும் பதிவு இது: ‘குழந்தை பயந்து காணப்பட்டது. தந்தை அடித்திருக்கலாம் எனத் தெரிகிறது. கண்காணிக்கவும்.’ மூன்று வாக்கியமும் வீண். பயன்படும் பதிவு இப்படி இருக்கும்: ‘மாலை 5.40. எடை பார்க்கும் அறை. உடனிருந்தவர்கள்: தந்தை, செவிலியர். இடது மேல்கையின் உட்புறத்தில் வட்டமான நான்கு ரத்தக்கட்டுகள், ஒவ்வொன்றும் சுமார் 1 செ.மீ., ஒரே வரிசையில். எப்படி ஆயிற்று என்று கேட்டதற்குக் குழந்தை: “நான் தண்ணியக் கொட்டிட்டேன்.” தந்தை: “சைக்கிளில் விழுந்தான்.” தந்தை பேசியபோது குழந்தை தரையைப் பார்த்தபடி இருந்தது. உடல் வரைபடத்தில் குறித்தேன். 5.55க்குப் பொறுப்பாளரிடம் சொன்னேன்.’ சொன்ன சொல் சொன்னபடியே, பேச்சு வழக்கிலேயே இருக்க வேண்டும். ‘நீரைச் சிந்திவிட்டதாகக் குழந்தை தெரிவித்தது’ என்று திருத்தி எழுதினால் அது குழந்தையின் சொல் ஆகாது.

படம் எடுப்பதானால் கிளினிக்கின் கருவியில் மட்டும், அளவுகோலைக் காயத்தின் அருகே வைத்து, ஒப்புதலோடு. சொந்தக் கைபேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் ‘பாருங்க சார்’ என்று அனுப்புவது மிகப் பரவலான தவறு. அந்தப் படம் எத்தனை கைபேசிகளில் சேமிப்பாகிறது என்று யாருக்கும் தெரியாது.

எல்லோரையும் கேட்பதா, சந்தேகம் வந்தவரை மட்டும் கேட்பதா?

‘வீட்டில் யாராவது உங்களைத் துன்புறுத்துகிறார்களா?’ என்ற கேள்வியைப் பதிவுப் படிவத்தில் சேர்த்து எல்லோரிடமும் நிரப்பி வாங்குவது ஒரு கட்சி. அறிகுறி கண்டால் மட்டும் கேட்பது மறு கட்சி. முதலாவது நியாயமாகத் தோன்றும், யாரையும் பொறுக்கி எடுப்பதில்லை. ஆனால் படிவத்தை நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார்? உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், துணைவரின் வன்முறை குறித்து வருவோர் எல்லோரிடமும் கேட்கும் முறையை ஏற்கவில்லை. வன்முறையால் வந்திருக்கக்கூடிய அல்லது மோசமாகியிருக்கக்கூடிய நிலைமைகளில் கேட்கச் சொல்கிறது. கேட்குமுன் தனியறை, பயிற்சி, அனுப்பிவைக்க ஓர் இடம் ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது. கேட்டுவிட்டு ‘சரி, பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்புவதைவிடக் கேட்காமலே இருப்பது மேல்.

எங்கள் சாய்வு இரண்டாவது பக்கம், ஒரு திருத்தத்தோடு. கேள்வி எல்லோருக்கும் வேண்டாம், தனியாகப் பார்க்கும் சில நிமிடங்கள் எல்லோருக்கும் வேண்டும். எடை பார்ப்பது, சிறுநீர் மாதிரி எடுப்பது, கண் பரிசோதனை ஆகியவற்றுக்கு ‘இங்கே நோயாளியை மட்டும் உள்ளே விடுவது வழக்கம்’ என்ற விதியை வைத்துவிட்டால் யாருக்கும் உறுத்தாது. ஒருவரிடம் மட்டும் ‘நீங்கள் வெளியே இருங்கள்’ என்று சொன்னால்தான் விஷயம் வெளிப்பட்டுவிடும். மொழி தெரியாத நோயாளிக்கு உடன் வந்த உறவினரை மொழிபெயர்க்கச் சொல்வதும் இதே காரணத்தால் கூடாது. தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கும், ஆனாலும் அதுவே மேல்.

குழந்தை வாய் திறந்தால் கேள்விகளைச் சுருக்குங்கள். ‘என்ன நடந்தது, சொல்லு’, ‘அப்புறம்?’ போன்ற திறந்த கேள்விகளோடு நிறுத்துங்கள். ‘மாமா தொட்டாரா?’ என்று பெயரையும் செயலையும் நாமே எடுத்துக் கொடுத்தால், பின்னர் விசாரணையில் குழந்தையின் சொல்லா உங்கள் சொல்லா என்ற கேள்வி வரும். ஒரே கதையை மூன்று பேர் மூன்று முறை சொல்ல வைப்பதும் அப்படியே. ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்ற வாக்குறுதி மட்டும் கொடுக்கவே கூடாது. ‘உனக்கு உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்’ என்பதே கொடுக்க முடிந்த வாக்கு.

பரிசோதனையின்போது உடன் இருப்பவர்

மார்பு, பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பரிசோதனைகளில் மூன்றாம் நபர் ஒருவர் உடனிருப்பது குறித்தும் கிளினிக்குகள் மூன்று விதமாக நடக்கின்றன: நோயாளி கேட்டால் மட்டும், எல்லோரிடமும் கேட்டுவிட்டு, கட்டாயமாக. கேட்டால் மட்டும் என்பதைத் தள்ளிவிடலாம். கேட்கத் தெரியாதவர்களுக்கும் கேட்க முடியாதவர்களுக்கும்தானே அந்தக் காவல் முதலில் தேவை. பெரியவர்களுக்கு எல்லோரிடமும் கேட்பது சரி. வேண்டாம் என்றால் அந்த மறுப்பைப் பதிய வேண்டும், மருத்துவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அவசரமில்லாத பரிசோதனையை வேறு நாளுக்கு, வேறு மருத்துவருக்கு மாற்றலாம். குழந்தைகளுக்கும், முடிவெடுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் கட்டாயம்தான்.

உடனிருப்பவர் யார் என்பதில்தான் பல இடங்கள் தவறுகின்றன. தாய் அறையில் இருக்கிறாரே, போதாதா? போதாது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்து 2018இல் தண்டனை பெற்ற லாரி நாசர், சில சிறுமிகளைப் பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே துன்புறுத்தினார். அவர்கள் பார்வை படாதபடி நின்றுகொண்டார். சிகிச்சை எது, அத்துமீறல் எது என்று பெற்றோருக்குத் தெரியவும் வழியில்லை. உடனிருப்பவர் பரிசோதனை எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்த பயிற்சி பெற்ற பணியாளராக இருக்க வேண்டும். திரைக்கு உள்ளே, மருத்துவரின் கைகள் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லும் உரிமை அவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். திரைக்கு வெளியே நின்று கோப்பில் கையெழுத்துப் போடுபவர் மருத்துவரைக் காக்கிறார், நோயாளியை அல்ல. பெற்றோரும் இருக்கலாம், அது குழந்தையின் ஆறுதலுக்கு.

பெரியவர்களுக்கும் அதே படிவம் போதுமா?

போதாது. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே படிவம் வைப்பது காகிதத்தை மிச்சப்படுத்தும், முடிவைக் குழப்பும். குழந்தை விஷயத்தில் பெற்றோர் சம்மதம் இல்லாமலும் தெரிவிக்கலாம், பல நேரம் தெரிவித்தே ஆக வேண்டும். பெரியவர் தம் விஷயத்தில் முடிவெடுக்கும் திறன் உள்ளவர் என்றால், உதவி வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. நமக்கு உவப்பில்லாத முடிவு என்பதால் அவருக்குத் திறன் இல்லை என்று ஆகிவிடாது.

ஆகவே பெரியவர் படிவத்தின் முதல் பாதி காயத்தைப் பற்றியதாக அல்லாமல் திறனைப் பற்றியதாக இருக்க வேண்டும்: சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா, முடிவெடுக்கும் வரை நினைவில் வைக்கிறாரா, நன்மை தீமையைச் சீர்தூக்குகிறாரா, முடிவைப் பேச்சிலோ சைகையிலோ தெரிவிக்கிறாரா. இது இந்த முடிவுக்கு, இன்றைக்கு மட்டும் பொருந்தும். பணக் கணக்கில் குழம்பும் மறதிநோயாளி, ‘அந்தப் பராமரிப்பாளர் எனக்கு வேண்டாம்’ என்பதைத் தெளிவாகச் சொல்லக்கூடும். காலையில் தெளிவாக இருப்பவர் மாலையில் குழம்புவார் என்றால் காலையில் பேசுங்கள். காது கேட்கும் கருவியில் பேட்டரி இருக்கிறதா என்று பார்க்காமல் ‘புரிந்துகொள்ளவில்லை’ என்று எழுதியவர்களும் உண்டு.

மறுத்தாலும் தெரிவிக்க வேண்டிய நிலைமைகள்: அவர் அச்சுறுத்தலுக்கு அடங்கிப் பேசுகிறார் என்று தோன்றினால், அதே வீட்டில் குழந்தையோ வேறொரு சார்ந்து வாழ்பவரோ இருந்தால், தவறு செய்தவர் மற்றவர்களையும் பராமரிக்கும் வேலையில் இருந்தால், சட்டம் கட்டாயப்படுத்தினால். அப்போதும் ‘உங்கள் விருப்பத்தை மீறி இதைச் சொல்லப்போகிறேன், காரணம் இது’ என்று அவரிடமே முதலில் சொல்வது மரியாதை. சொல்வதால் அவருக்கு ஆபத்து வரும் என்றால் மட்டும் விதிவிலக்கு.

அறுபது வயதைக் கடந்தவர்களில் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகைத் துன்புறுத்தலுக்கு உள்ளானதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. கிளினிக்கில் அது அடியாக மட்டும் வந்து நிற்காது. மாத மாத்திரை பதினைந்தாம் நாளே தீர்ந்துபோகும். அல்லது மூன்று மாதம் யாரும் வாங்கவே வர மாட்டார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் உடன் வந்தவரே பதில் சொல்வார். படுக்கைப்புண்ணுக்குக் கட்டு மாற்றத் தேதி கொடுத்தும் வராமல், எலும்பு தெரியும் நிலையில் கொண்டுவருவார்கள். மாத்திரைக் கணக்கு மருந்தாளுநர் கண்ணில் படும், கட்டுத் தேதி செவிலியர் கண்ணில் படும். பழையபடி ஆளுக்கொரு துண்டு.

இரண்டு சிறு முடிவுகள்

வராத அப்பாயின்ட்மென்ட்டை ‘வரவில்லை’ என்று குறிப்பதா, ‘அழைத்து வரப்படவில்லை’ என்று குறிப்பதா? குழந்தைக்கும் சார்ந்து வாழ்பவருக்கும் இரண்டாவது. ஐந்து வயதுக் குழந்தை தானாக வராமல் இருந்துவிட முடியாது. சொல்லை மாற்றியதும் அடுத்த கேள்வி தானே எழும்: அழைத்து வர வேண்டியவர் யார், ஏன் வரவில்லை? இரண்டு முறை தொடர்ந்து இப்படி நேர்ந்தால் பெயர் தானாகப் பொறுப்பாளர் பட்டியலுக்குப் போகும்படி வையுங்கள். செலவில்லாத மாற்றம் இது. காரணம் பெரும்பாலும் பேருந்து வசதியோ வேலை நேரமோதான் இருக்கும், அதைத் தெரிந்துகொள்வதும் நல்லதே.

புதியவரை வேலைக்கு எடுக்கும்போது காவல்துறைச் சான்று மட்டுமா, முன்னாள் நிறுவனத்தில் விசாரிப்பதுமா? சான்று, பிடிபட்டவரை மட்டுமே காட்டும். வேலை வரலாற்றில் உள்ள இடைவெளிகளைக் கேட்பதும், விண்ணப்பதாரர் கொடுத்த கைபேசி எண்ணுக்கு அல்லாமல் அந்த நிறுவனத்தின் பொது எண்ணுக்கு அழைத்துப் பேசுவதும் அதைவிடப் பயன் தரும். துப்புரவுப் பணியாளரும் ஓட்டுநரும் இதில் அடக்கம்.

ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பொறுப்பாளர் விடுப்பில் இருக்கும் நாளில், மாலை கடைசி அரைமணி நேரத்தில், மிகப் புதிதாகச் சேர்ந்த பணியாளரிடம் போய் இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் உள்ள குழந்தையை விவரியுங்கள். அவர் யாரை அழைப்பார் என்று கேளுங்கள், அந்த எண்ணைக் கண்முன்னே அழைக்கச் சொல்லுங்கள். மணி அடித்து யாராவது எடுக்கிறார்களா, எடுத்தவர் முதலில் என்ன கேட்கிறார், பழைய கோப்பைத் திறக்கச் சொல்கிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘டாக்டர்கிட்ட கேட்டுப் பாக்கறேன்’ என்பது பதிலாக வந்தால், எந்த டாக்டர், அவர் இப்போது எங்கே என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.